நெகட்டிவ் வந்தவள்தான் ஜாக்கிரதையாக இருக்கணும்: காட்பாடி வீடு, இரண்டு கர்ப்பிணிகள், ஒரு பூனை

காட்பாடியில் என் தங்கை வீட்டில் நடந்தது இது. நான் வேலூரில் ஒரு லேபில் டெக்னீஷியன். 14 வருடமாக ரத்தம் எடுத்து, ரிப்போர்ட் அடித்து, அதைக் கையில் வாங்கியதும் முகம் மாறுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பவள். ஆனால் ரிப்போர்ட் நம் வீட்டுக்கே வரும்போது அந்த 14 வருட அனுபவம் எங்கே போய் ஒளிந்துகொள்கிறதோ தெரியவில்லை. "வீட்ல பூனை இருக்குது, இப்ப உண்டாயிருக்கேன், இன்னா பண்றது?" என்று மாதத்துக்கு ஒருத்தியாவது ரத்தம் கொடுக்கும்போதே கேட்கிறாள், ஊசி கையில் இருக்கும்போது எவ்வளவு சொல்ல முடியும், அதனால் எங்கள் வீட்டுக் கதையை ஆரம்பத்திலிருந்தே எழுதிவிடுகிறேன். ஆட்களின் பெயர் வேண்டாம். பூனையின் பெயர் லட்டு, அதற்கு ஆட்சேபம் இருக்காது.

தங்கைக்கு 28 வயது. இரண்டாவது கர்ப்பம், முதலாவது 7 வாரத்தில் கலைந்துவிட்டது. கூட்டுக்குடும்பம்: மாமியார், தங்கையும் அவள் கணவரும், கணவரின் தம்பி, தம்பி மனைவி. அந்த ஓரகத்திக்குக் கல்யாணமாகி ஒரு வருடம், குழந்தை உண்டாக வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். லட்டு 4 வயதுப் பெண் பூனை, தெருவில் கிடந்த குட்டியைத் தங்கைதான் எடுத்து வளர்த்தாள், கருத்தடை ஆபரேஷன் ஆகிவிட்டது, வெளியே அதிகம் போகாது. சாப்பாடு பாக்கெட் தீனி, தயிர்சாதம், ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் கழுவும்போதே பச்சையாக நாலு துண்டு. மேலே ஒரு மாடி கட்டிக்கொண்டிருந்ததால் வாசலில் எம்-சாண்ட் குவியல். பின்பக்கம் பத்துப் பதினைந்து கத்திரிச் செடி, இலவம்பாடி முள்ளுக் கத்திரி, தங்கையே நாற்று வாங்கி வந்து நட்டது. பச்சைக் கறி, மணல் குவியல், கத்திரிப் பாத்தி, இந்த மூன்றையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது இந்த மூன்றையும் நாங்கள் யாருமே பார்க்கவில்லை.

ஆடி பிறந்த முதல் வாரம், தங்கைக்கு 10 வாரம். போன தடவை கலைந்ததால் அவள் பார்க்கும் கிளினிக்கில் டார்ச் டெஸ்ட் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். டாக்ஸோ (டாக்ஸோபிளாஸ்மா, பூனையின் குடலில் வளர்ந்து மனிதருக்கும் வரும் கிருமி), ருபெல்லா, சைட்டோமெகலோ, ஹெர்பிஸ் என்று நாலைந்து தொற்றுகளை ஒரே குழாய் ரத்தத்தில் பார்க்கிற பேக்கேஜ் அது. ஒருமுறை கரு கலைந்ததற்கெல்லாம் இதை எடுக்கத் தேவையில்லை என்பது என் கட்சி. பழைய டாக்ஸோ உடம்பில் இருப்பதால் கரு திரும்பத் திரும்பக் கலையாது. இந்த டெஸ்டில் காசு பார்க்கும் தொழிலில் இருந்துகொண்டே இதைச் சொல்கிறேன். ரிப்போர்ட்டில் டாக்ஸோ ஐஜிஜி நல்ல பாசிட்டிவ், ஐஜிஎம் கோட்டைத் தொட்டுக்கொண்டு லேசாகப் பாசிட்டிவ் (இரண்டும் கிருமியை எதிர்த்து உடம்பு ரத்தத்தில் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருட்கள்). கிளினிக்கில் "வீட்ல பூனை இருக்கா?" என்றார்கள், இவள் "இருக்கு" என்றாள், "மொதல்ல அதை அனுப்பிடுங்க" என்றார்கள். அந்த வேலை அத்தோடு முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாமியார், "வயித்துப் புள்ளக்காரி இருக்கிற வூட்ல பூனை இன்னாத்துக்கு? எங்கனா உட்டுட்டு வாடா" என்று பெரிய மகனிடம் சொல்லிவிட்டார். அவரும் பாவம், பயந்துபோய், லட்டுவை ஒயர் கூடையில் வைத்துத் துண்டால் மூடிக் கட்டி, வண்டியில் வைத்து விரிஞ்சிபுரம் பக்கம் ஒரு நண்பருடைய கொல்லையில் கொண்டுபோய் விட்டுவிட்டார். கூடையின் ஓட்டை வழியே ஒரு கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு போனதாம், தங்கை அதையே சொல்லிச் சொல்லி அழுதாள். எனக்குப் போன் வந்தபோது இரவு 9 மணி. பூனை போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

அன்றைக்கு ராத்திரி போனில் நான் சொன்னது இதுதான். ஐஜிஜி என்பது பழைய குடித்தனக்காரர் மாதிரி, ஒருமுறை தொற்று வந்தால் ஆயுசுக்கும் ரத்தத்தில் இருக்கும். ஐஜிஎம் புதிதாகக் குடிவந்தவர், தொற்று வந்த சில நாட்களிலேயே தெரியும், பிறகு போய்விட வேண்டும். ஆனால் சிலருக்கு அது காலி பண்ணாமல் ஒரு வருடம், அதற்கு மேலும் உட்கார்ந்திருக்கும், சில நேரம் ஆளே இல்லாமல் கதவு மட்டும் திறந்திருப்பது போலப் பொய்யாகவும் பாசிட்டிவ் காட்டும். அதனால் ஐஜிஎம் லேசாகப் பாசிட்டிவ் என்றால் "இப்போதுதான் வந்தது" என்று முடிவு கட்டக் கூடாது. அதற்கு அவிடிட்டி என்று ஒரு டெஸ்ட் இருக்கிறது. ஐஜிஜி கிருமியை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று பார்ப்பது. பிடி இறுகுவதற்கு மாதங்கள் ஆகும், ஆகவே பிடி இறுக்கமாக இருந்தால் தொற்று குறைந்தது மூன்று நான்கு மாதம் பழையது. கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் எடுத்தால்தான் இது பதில் சொல்லும்; ஏழாம் மாதம் எடுத்து "நாலு மாசத்துக்கு முந்தினது" என்று வந்தால் அதை வைத்து என்ன செய்வது? இன்னொன்று, பிடி தளர்வாக வந்தாலும் உடனே புதுத் தொற்று என்று அர்த்தமில்லை, சிலருக்குப் பல மாதம் தளர்வாகவே இருக்கும்.

மாதிரியை வெளி லேபுக்கு அனுப்பி, பதில் வந்தபோது லட்டு போய் 11 நாள் ஆகியிருந்தது. அவிடிட்டி உயர்வு. தங்கைக்கு அப்போது 12 வாரம்கூட முழுசாக ஆகவில்லை, ஆக தொற்று கரு உண்டாவதற்கு முன்பே வந்துபோனது. வேறு பெரிய டாக்டரிடம் காட்டினோம், அவரும் மருந்து எதுவும் வேண்டாம், மறுபடி டெஸ்டும் வேண்டாம் என்றார். கர்ப்பத்துக்கு முன்பே வந்து போன டாக்ஸோ குழந்தைக்குப் போவது மிக மிக அரிது. எதிர்ப்புச் சக்தி ரொம்பக் குறைந்தவர்கள், எச்ஐவி இருப்பவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சைக்கு மருந்து எடுப்பவர்கள், இவர்கள் கதை மட்டும் வேறு.

புதுத் தொற்றாக இருந்திருந்தால்? அப்போது அது சும்மா விடுகிற விஷயமில்லை. முதல் மூன்று மாதத்தில் வந்தால் குழந்தைக்குப் போவது நூற்றில் 10, 15 பேருக்குத்தான், ஆனால் போனால் கரு கலையலாம், மூளையையும் கண்ணையும் மோசமாகத் தாக்கலாம். கடைசி மூன்று மாதத்தில் 60-க்கும் மேல் போகும், ஆனால் பாதிப்பு பெரும்பாலும் லேசாக இருக்கும் அல்லது கண்ணில் வருடங்கள் கழித்துத் தெரியும். ஆரம்பத்தில் ஸ்பைராமைசின் என்ற மருந்து கொடுப்பார்கள், 18 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீர் எடுத்து, கிருமியின் மரபணு இருக்கிறதா என்று தேடும் பிசிஆர் டெஸ்ட் பார்ப்பார்கள், குழந்தைக்குப் போய்விட்டது என்றால் மருந்தை மாற்றுவார்கள். வழி இருக்கிறது என்று சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இனிமேல்தான் என் விஷயமே. தங்கை ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்து ஓரகத்தியும் அதே டெஸ்ட்டை எடுத்திருந்தாள். டாக்ஸோ ஐஜிஜி நெகட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ். மாமியாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, "சின்னவளுக்கு ஒண்ணுமில்ல" என்று சேமியா பாயசம் வைத்துவிட்டார். எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. குடித்துக்கொண்டே சொன்னேன்: "அத்தை, பயப்பட வேண்டியது இந்த ரிப்போர்ட்டைப் பார்த்துதான்." பாசிட்டிவ் வந்த தங்கைக்கு உடம்பில் காவல் இருக்கிறது. நெகட்டிவ் வந்தவளுக்கு அது கிடையாது, கர்ப்பமாக இருக்கும்போது முதல்முறையாகக் கிருமி உள்ளே போனால் நேராகக் குழந்தைக்கு வழி. யாரும் நம்பவில்லை. அடுத்த மாதமே ஓரகத்திக்கு நாள் தள்ளிப்போனது.

கிருமி எப்படி வருகிறது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1908-இல் துனிஸில் குண்டி என்ற ஒரு எலி வகையின் உடம்பில் முதலில் கண்டுபிடித்தார்கள் (பெயருக்குச் சிரிக்க வேண்டாம், டாக்ஸோபிளாஸ்மா கோண்டி என்ற பெயரின் பின்பாதி அதிலிருந்து வந்ததுதான்). பூனையின் குடலில்தான் அது முட்டை வைக்கிறது என்பது தெளிவாவதற்கு 1970 ஆகிவிட்டது. அந்த வேலையில் முக்கியமானவர் ஜே. பி. துபே, இந்தியாவில் பிறந்த கால்நடை மருத்துவர். பூனை எலியையோ பச்சைக் கறியையோ தின்று முதல்முறை தொற்று வாங்கும்போது, ஒன்று முதல் மூன்று வாரம் வரை மலத்தில் இந்த முட்டைகளை லட்சக்கணக்கில் விடும். பெரும்பாலான பூனைகள் ஆயுளில் அந்த ஒருமுறையோடு சரி. விழுந்த உடனே அந்த முட்டைக்கு ஒட்டும் சக்தி கிடையாது, வெளியே கிடந்து பழுக்க ஒரு நாள் முதல் ஐந்து நாள் வரை வேண்டும். பூனையைத் தடவுவது, மடியில் வைத்துக்கொள்வது, அது தும்முவது, இதில் எதிலும் டாக்ஸோ வராது. மலம் ஒரு நாளுக்கு மேல் கிடக்க வேண்டும், அது கை வழியாக வாய்க்குப் போக வேண்டும்.

இந்தக் கணக்கை வைத்துப் பாருங்கள், விரிஞ்சிபுரத்துக்கு அனுப்பியது எவ்வளவு பெரிய அசட்டுத்தனம் என்று தெரியும். லட்டுவைத் திரும்பக் கூட்டிவரப் போனபோது நண்பர் பெருமையாக, "நல்லா எலி புடிக்குதுங்க, மூணு புடிச்சிது, கொட்டாயில ஒண்ணு விடல" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டுக்குள் பாக்கெட் தீனி தின்றுகொண்டிருந்த பூனையை நாங்களே கொண்டுபோய்க் கொல்லையில் எலி வேட்டைக்கு விட்டிருக்கிறோம். கால்நடை டாக்டர், தெருக்குட்டியாக இருந்தபோதே அதற்குத் தொற்று வந்து போயிருக்கலாம், அப்படியென்றால் கவலையில்லை, ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். எலி தின்ற பிறகு முட்டை விட ஆரம்பிக்க 10 நாள் வரை ஆகலாம், அதற்குப் பிறகு 21 நாள், மொத்தம் 31. நான் 35 நாள் லட்டுவைச் சத்துவாச்சாரியில் என் வீட்டில் வைத்துக்கொண்டேன், எங்கள் வீட்டில் கர்ப்பிணி யாரும் இல்லை. தங்கைக்காக மட்டும் என்றால் இது தேவையே இல்லை, ஓரகத்திக்காகத்தான்.

அந்த 35 நாளில் நான் பார்த்ததெல்லாம் காட்பாடி வீட்டுச் சமையலறையை. ஒரு ஞாயிறு மதியம் போனபோது மாமியார் கேஸ் அடுப்பில் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) சுட்டுக்கொண்டிருந்தார். நம் பக்கத்தில் கர்ப்பிணிக்கு ரத்தம் ஊறச் சுவரொட்டி கொடுக்காத வீடு இருக்கிறதா? கம்பியில் குத்தி, நேராகத் தணலில் காட்டி, மேலே கருகி வெடித்ததும் எடுத்து, உப்பும் மிளகுத் தூளும் தூவி இரண்டு மருமகள்களுக்கும் ஆளுக்கொன்று. ஓரகத்தி தட்டில் இருந்ததை நான் கத்தியால் நடுவில் கீறினேன். மேலே அரை விரல் கனத்துக்குப் பழுப்பு, உள்ளே அப்படியே கருஞ்சிவப்பு, தட்டில் சிவப்புத் தண்ணீர் ஓடியது. "உள்ள ரத்தமா இருந்தாத்தாம்மா சத்து" என்றார் மாமியார். பூனையை ஊர் கடத்தியாகிவிட்டது, ஆட்டின் உடம்பில் அதே கிருமி இருந்தால் அது இந்தத் தட்டில் வரும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஆடு, செம்மறி எல்லாவற்றின் தசையிலும் இந்தக் கிருமி கட்டியாகப் படுத்திருக்கலாம். 67 டிகிரி செல்சியஸ் சூடு உள்வரைக்கும் போனால் செத்துவிடும். 2000-இல் ஐரோப்பாவின் 6 நகரங்களில் கர்ப்பிணிகளிடம் செய்த ஓர் ஆய்வு வந்தது. தொற்றுகளில் 30 முதல் 63 சதவீதம் சரியாக வேகாத கறியாலும் பதப்படுத்திய கறியாலும், 6 முதல் 17 சதவீதம் மண்ணால், பூனை வளர்ப்பதற்கும் தொற்றுக்கும் தொடர்பு கிடைக்கவில்லை. ஐரோப்பியர்கள் கறியை அரைவேக்காட்டில் தின்பவர்கள், நாம் அப்படியில்லை, ஆம்பூர் பிரியாணியில் கறி வேகாமலா வரும் என்று நானும் முதலில் நினைத்தேன். பிரியாணியிலும் குழம்பிலும் பயமில்லைதான். சுவரொட்டியும், "லேசா வதக்கினா போதும்" என்கிற ஈரலும், கறி மசாலாவில் உப்பு பார்க்க விரலை நக்குவதும், கறி அரிந்த அரிவாள்மனையிலேயே வெள்ளரிக்காய் அரிவதும்தான் நம் வீட்டு அரைவேக்காடு. (ஈரலில் வைட்டமின் ஏ அதிகம், கர்ப்பத்தில் அடிக்கடி வேண்டாம் என்பார்கள், அது தனிக் கணக்கு.) மாமியாரோடு சண்டை போடவில்லை. குக்கரில் மூன்று விசில் விட்டு, அப்புறம் மிளகு போட்டு வதக்கிக் கொடுங்கள் என்றேன். "விசில் உட்டா சத்துப் பூடும்" என்றார். இரும்புச் சத்து சூட்டில் எங்கேயும் போகாது என்று டாக்டர் வாயால் சொல்ல வைத்த பிறகுதான் குக்கர் அடுப்பில் ஏறியது.

அடுத்தது மணல். வாசல் எம்-சாண்ட் குவியலைத் தெருவில் உள்ள அத்தனை பூனைகளும் கக்கூஸாக வைத்திருந்தன, ராத்திரி ஜன்னலில் நின்று பார்த்தால் தெரியும், ஒன்று தோண்டி முடித்து மூடிவிட்டுப் போனதும் இன்னொன்று வரும். ஈர மண்ணில் அந்த முட்டைகள் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். அந்த மணல்தான் செருப்பில் வீட்டுக்குள் வந்தது, பின்பக்கக் கத்திரிப் பாத்தியிலும் அதே கதை, ஓரகத்தி அங்கே வெறும் கையால் களை பிடுங்கிவிட்டு வந்து அப்படியே வேர்க்கடலை கொறிப்பாள். வளர்த்த பூனை ஒன்றை விரட்டினால் தெருப்பூனை பத்தும் போய்விடுமா? குவியல் மேல் தார்ப்பாய் போட்டு ஓரத்தில் செங்கல் வைத்தோம். கத்திரிப் பாத்தி ஓரகத்தி கணவர் பொறுப்பு. கீரை, கொத்தமல்லி எல்லாம் தண்ணீர் மாற்றி மூன்று முறை அலசுவது.

லட்டு திரும்பி வந்ததும் மலத் தட்டு மாடிப்படிக்குக் கீழே போனது, முன்பு அது சமையலறைக் கதவை ஒட்டி இருந்தது. தினமும் காலையில் தங்கை கணவர் அள்ளி, இரண்டு கவரில் கட்டிக் குப்பையில் போட வேண்டும். பாத்தியில் கொட்டக் கூடாது. கொதிக்கிற தண்ணீர் ஊற்றித் தட்டைக் கழுவ வேண்டும். பினாயில், பிளீச்சிங் பவுடர் எதற்கும் இந்த முட்டை அசையாது. மனிதர் இரண்டாவது வாரமே இரண்டு நாள் டிமிக்கி கொடுத்தார். ஒரு நாள் கணக்கு என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டது அந்த இரண்டு நாளில் போனது. ஓரகத்தி நாற்றம் தாங்காமல் அவளே அள்ளப் போக, தங்கைதான் பிடுங்கி, கையுறை போட்டுக்கொண்டு அள்ளினாள், அவளுக்குத்தான் காவல் இருக்கிறதே. அதற்குப் பிறகு அவர் பல் தேய்ப்பதற்கு முன்பே தட்டு சுத்தமாகியிருக்கும். பச்சைக் கறி கொடுப்பதையும் நிறுத்தியாகிவிட்டது, கோழியை வேகவைத்துத்தான். முதல் நாள் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது, மூன்றாம் நாள் தட்டை நக்கியது.

தீபாவளி. தங்கைக்கு ஆறாம் மாதம். பக்கத்து வீட்டில் யாரோ சரவெடியைக் கொளுத்த, லட்டு மிரண்டு அவள் கைமேல் ஏறி ஓடியதில் முழங்கைக்குக் கீழே நீளமாக ஒரு கீறல், ரத்தம் வரவில்லை. நம் ஊரில் பூனையிடம் டாக்ஸோவைவிட நான் பயப்படுவது கீறலில் வரக்கூடிய ரேபிஸுக்கு, அதாவது வெறிநாய்க்கடி நோய்க்குத்தான். சோப்பு போட்டுக் குழாயடியில் 15 நிமிடம் கழுவ வைத்தேன், கடிகாரம் பார்த்து. லட்டுவுக்கு ரேபிஸ் ஊசி வருடா வருடம் போட்டிருக்கிறது. ஆனாலும் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் முதல் ஊசி போட்டுவிட்டோம். "வயித்துல புள்ளையோட நாய்க்கடி ஊசியா?" என்று வீட்டில் பெரிய ரகளை. ரேபிஸ் தடுப்பூசிக்குக் கர்ப்பம் தடையே இல்லை, நோய் வந்தால் பிழைப்பதில்லை, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தோளில் தோலுக்குள்ளேயே போடுவது, 0, 3, 7, 28 என்று நாள் கணக்கு. ரத்தம் வந்திருந்தால் ரேபிஸ் எதிர்ப்புச் சீரமும் போட்டிருப்பார்கள். 10 நாள் லட்டுவைக் கவனித்தோம், வழக்கம்போலத் தின்று தூங்கியது.

வளைகாப்பில் வந்த பெரியம்மாக்கள் பூனை முடி வயிற்றுக்குள் போய்க் குழந்தையைச் சுற்றிக்கொள்ளும் என்றார்கள். விழுங்கின முடி குடல் வழியாக வெளியே போய்விடும், கர்ப்பப்பைக்கு அங்கிருந்து வழி கிடையாது. ஆஸ்துமா, அலர்ஜி உள்ளவர்களுக்குப் பூனை தொந்தரவு தரும், வட்ட வட்டமாகப் படர்தாமரை பூனையிலிருந்து ஒட்டும், அவ்வளவுதான். வட்டமாக முடி கொட்டியிருந்தால் கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள், நமக்கு வந்தால் கர்ப்பத்தில் சொந்தமாக மாத்திரை வாங்கிப் போடக் கூடாது.

பிரான்சில் காவல் இல்லாத கர்ப்பிணிகளுக்கு மாதா மாதம் டாக்ஸோ டெஸ்ட் எடுக்கிறார்கள். இங்கே அந்த வழக்கம் இல்லை, ஓரகத்திக்கு டாக்டர் ஐந்தாம் மாதமும் எட்டாம் மாதமும் எழுதிக் கொடுத்தார். இரண்டும் நெகட்டிவ். இரண்டையும் நானே மெஷினில் போட்டுப் பார்த்தேன், எட்டாம் மாதத்து மாதிரி ஓடிக்கொண்டிருந்த அந்த ஒரு மணி நேரம் டீ குடிக்கக்கூட வெளியே போகவில்லை.

தங்கைக்கு மாசியில் பெண், 2 கிலோ 900. ஓரகத்திக்குக் கத்திரி வெயிலில் பையன். தங்கை தாய் வீட்டிலிருந்து திரும்பி வருவதற்கு முன்னாலேயே மாமியார் பழைய வாயில் புடவையில் தூளி கட்டி வைத்திருந்தார், குழந்தை வருவதற்குள் லட்டு அதில் ஏறிச் சுருண்டு படுத்துக்கொண்டது, கீழே இறக்கினால் மறுபடி ஏறியது. தூளியை அவிழ்த்துத் துவைத்து, உயரத்தைக் கூட்டிக் கட்டி, மேலே கொசுவலை போட்டு, குழந்தை தூங்கும் அறைக் கதவைச் சாத்தி வைக்கிறார்கள். கட்டி முடித்து மாமியார் கீழே பார்த்து, "உனக்கு வேற கட்றேன் போ" என்றார். கட்டியும் கொடுத்தார், மாடிப்படிக் கைப்பிடியில், கிழிந்த துண்டில். மலத் தட்டு இன்னும் தங்கை கணவரிடம்தான் இருக்கிறது; அவள் திரும்பக் கேட்கவில்லை, அவரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.